லாக் - ஒரு மரக்கட்டையின் கதை

‘லாக்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது லாக் டேபிள். அப்புறம் கம்ப்யூட்டரில் ‘லாக்-இன்’. வேலைக்குப் போனால் ‘லாக் புக்’. அகராதியைப் புரட்டினாலோ, மரக்கட்டை! (பூட்டுற லாக் இல்லீங்க, அதுக்கு ஸ்பெல்லிங்கே வேற.) இந்த நாலும் ஒரே சொல்தானா?

இல்லை. மூன்றுதான் ஒரே குடும்பம். நாலாவது வேற ஆள்.

அந்தக் காலத்தில் கப்பலின் வேகத்தை எப்படி அளந்தார்கள்? கயிறு கட்டிய ஒரு மரக்கட்டையைப் பின்புறமாகக் கடலில் போடுவார்கள். கட்டை தண்ணீரில் நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு ஓடும். 28 விநாடி மணல் கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடந்தது என்று எண்ணுவார்கள். முடிச்சுக்கு முடிச்சு சுமார் 47 அடி 3 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு முடிச்சு என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்று சொல்வது இதனால்தான். 1574-இல் வில்லியம் போர்ன் எழுதிய மாலுமிகளுக்கான நூலிலேயே இந்த முறை இருக்கிறது.

அந்தக் கட்டையின் கணக்கை எழுதிய நோட்டுதான் லாக் புக். 1961-இல் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். வந்தபோது, உள்ளே நுழையும் கட்டளைக்கு ‘லாகின்’ என்றே பேர். வருகையைப் பதிவு செய்வது என்று பொருள்.

வேற ஆள் நம்ம லாக் டேபிள்தான். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர், 1614-இல் ‘லோகோஸ்’ (விகிதம்), ‘அரித்மோஸ்’ (எண்) என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘லாகரிதம்’ என்று பேர் வைத்தார். அதைச் சுருக்கினால் ‘லாக்’. கட்டைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு ஷிப்டில் நிற்கும்போது, மணிக்கு மணி எடுக்க வேண்டிய ரீடிங்கை எட்டு மணி நேரம் கழித்து ஒரே மூச்சில், ஒரே பேனாவால் நிரப்பும் ஆட்களைப் பார்ப்பீர்கள். “எல்லாம் நார்மல்தானே சார்” என்பார்கள். கரை தெரியாத கடலில் அன்றைய மாலுமி கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டதே அந்தப் பதிவை நம்பித்தான். கட்டையைப் போடாமல் நம்பரை மட்டும் எழுதினால், பாறை எங்கே என்று நோட்டு சொல்லாது. ஒரு பேரிங் சூடேறிக்கொண்டே வருவதையும் அப்படித்தான். மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். பார்க்கவில்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.