கோயிலுக்குப் போகட்டாம்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒரு ‘ஆம்’ உண்டு. வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு, இதைச் சொன்னது நானில்லை, வேறு எவரோ என்று கைகழுவிவிடும். வரட்டாம், நிக்கட்டாம், போகட்டாம். வானத்திலிருந்து விழுந்த நோட்டீசை எடுத்துப் படித்தவர், எழுத்துத் தெரியாத ஆச்சிக்கு அதைச் சொல்வதும் இப்படித்தான்: “எல்லாரையும் கோயிலுக்குப் போகட்டாம்.” சொன்னது ஆர் என்று ஆச்சி கேட்கமாட்டா. ஹெலிச் சத்தம் தலைக்கு மேல் இன்னும் ஓய்ந்திருக்காது.

துண்டுப்பிரசுரம் என்பது பத்திரிகைக்காரரின் சொல். ஊரில் அது நோட்டீஸ்தான். திருவிழாவுக்கு அடிப்பதும் நோட்டீஸ், ரியூசன் வகுப்புக்கு அடிப்பதும் நோட்டீஸ், விமானப்படை போடுவதும் நோட்டீஸ். திருவிழா நோட்டீஸ் படலை தேடி வரும். மற்றது ஓட்டுக்கூரையில் சறுக்கும், வடலிக்குள் சிக்கும், கிணற்றில் மிதக்கும். குண்டைப் போல நேரே இறங்கக் காகிதத்துக்குத் தெரியாது. சோளகம் வீசும் மாதங்களில் ஓர் ஊருக்கென்று போட்டது இன்னோர் ஊரின் மிளகாய்த் தோட்டத்தில் போய்க் கிடக்கும். கண்டெடுத்தவர், இது எங்களுக்கா பக்கத்து ஊருக்கா என்று குழம்ப வேண்டியதுதான். திருப்பிக் கேட்க அந்தத் தாளில் விலாசம் இல்லை.

1987 மே 26 அன்று வடமராட்சியில் ‘ஒப்பரேசன் லிபரேசன்’ தொடங்கியது. சுமார் 8,000 இலங்கைப் படையினர் இறங்கிய நடவடிக்கை அது. வானொலியும் வானத்துத் தாளும் ஒரே செய்தியைச் சொல்லின: வீடுகளை விட்டு வெளியேறிக் கோயில்களில் தஞ்சம் புகுங்கள். யாழ்ப்பாணத்தவனுக்கு இது புதிய யோசனையே இல்லை. புயலடித்தாலும் வெள்ளம் வந்தாலும் அவன் ஓடுகிற இடம் கோயில்தான். உயரமான கட்டடம், கல் மண்டபம், பெரிய கிணறு, மடப்பள்ளியில் கிடாரம். அல்வாய் முத்துமாரி அம்மன் கோயிலில் அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். மே 29 அன்று எறிகணைகள் அங்கேயே விழுந்தன. நாற்பது பேரளவில் இறந்தார்கள்.

அதற்கு ஆறாம் நாள், ஜூன் 4, அதே வானத்தில் வேறு விமானங்கள் வந்தன. இந்திய விமானப்படையின் அன்ரனோவ்-32 ரக விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 தொன் உணவும் மருந்தும் போட்டுவிட்டுத் திரும்பின. நடவடிக்கைக்குப் ‘பூமாலை’ என்று பெயர். பத்து நாளுக்குள் நோட்டீஸ், குண்டு, அரிசி மூன்றும் மேலேயிருந்து விழுந்த நிலம் உலகத்தில் வேறு எங்கேனும் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்ததில்லை.

1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடியும் போர். மின்சாரம் போயிற்று, கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எல்லாமே அருமையாகிவிட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுச் சொட்டு எண்ணெயில் விளக்கு எரித்த காலம். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அச்சுத்தாளுக்கும் பஞ்சம். ‘உதயன்’ பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தது. 1981இல் 97,000 நூல்களை நூலகத்தோடு எரியக் கொடுத்த பட்டணம், தொண்ணூறுகளில் வெறுந்தாளுக்கே தவித்தது. அந்தத் தவிப்புக்கு நடுவில் விலையில்லாமல், தடையில்லாமல், பாஸ் இல்லாமல் வந்துகொண்டிருந்த ஒரே காகிதம் படையினரின் நோட்டீஸ்.

வந்த காகிதத்தை ஊர் வீணாக்குமா? ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்யத் தாள். இல்லாவிட்டால் கச்சான் சரை. அதற்கும் உதவாதது குசினியில் அடுப்பு மூட்டப் போகும். கையில் வைத்திருப்பதும் நல்லதல்ல. இந்தப் பக்கத்தவர் கண்டால் எதற்கு வைத்திருக்கிறாய் என்பார்கள். பத்திரப்படுத்தி வைத்து அந்தப் பக்கத்தவரிடம் காட்டினாலும் பயன் இல்லை. 1945இல் அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய நகரங்களின் பெயர்களை அச்சிட்டு, இவற்றில் சிலவற்றைக் குண்டு வீசி அழிக்கப்போகிறோம் என்று நோட்டீஸ் போட்டபோது, பொறுக்கியவர்கள் அதைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பொறுக்கியவனுக்கு எங்கேயும் இதே கதிதான்.

1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கை வலிகாமத்தில் தொடங்கியது. முன்பு போலவே வானொலியிலும் நோட்டீசிலும் அதே சொல்: வழிபாட்டிடங்களுக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் கோயில் என்றால் சைவக்கோயிலும் கோயில், தேவாலயமும் வேதக்கோயில். அளவெட்டி, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சைக்கிளிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் இறங்கினார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், இடம் பிடித்துக் கொடுத்தார்கள். பின்னேரம் புக்காரா விமானம் வந்து குண்டுகளைப் போட்டது. செஞ்சிலுவைக் குழு இரண்டு நாள் கழித்து 65 பேர் இறந்ததாக அறிவித்தது. பின்னர் திரட்டிய கணக்கு 140ஐத் தாண்டியது. வேதக்கோயிலடியில் நினைவுத்தூபி இருக்கிறது, ஒவ்வொரு ஜூலை 9 அன்றும் பூசை நடக்கிறது.

அறிவுறுத்தல் எல்லாம் மேலிருந்துதான் வந்தது என்று எழுதினால் அது பாதிக்கதை. அதே ஆண்டு ஒக்ரோபர் 30 அன்று, ‘ரிவிரெச’ படையெடுப்பு நெருங்கி வர, வலிகாமத்தை உடனே விட்டு வெளியேறுங்கள் என்று புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போயின. அடைமழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம். அன்றைக்கும் சனம் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது ‘வெளிக்கிடட்டாம்’ என்றுதான்.

நோட்டீஸ் எதற்கு? எச்சரிக்கத்தானே என்பீர்கள். 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறையில் 57ஆம் பிரிவு, தாக்குதலுக்கு முன் பொதுமக்களுக்குப் பயனுள்ள முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. ‘பயனுள்ள’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. என் கணிப்பில் நோட்டீஸ் அறிவித்தல் அல்ல, பற்றுச்சீட்டு. போட்டவர் தன் பிரதியைக் கோப்பில் வைத்துக்கொள்கிறார். நாளைக்கு எவராவது கேட்டால், சொல்லிவிட்டுத்தானே செய்தோம் என்று காட்டலாம். எங்கள் பிரதி கச்சான் சரையாகிவிட்டது.

2009 ஜனவரியில் இதே காகிதம் வன்னிக்கு இடம்பெயர்ந்தது. சுமார் 35 சதுரக் கிலோமீற்றர் நிலத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து, விமானப்படை நோட்டீஸ் போட்டது. சில நாளைக்குள் வலயத்துக்குள்ளேயே சுதந்திரபுரத்தில் ஐ.நா. ஊழியர்கள் தங்கியிருந்த இடத்தைச் சுற்றி எறிகணை விழுந்தது. பெப்ரவரியில் புதுமாத்தளன் கரையில் இரண்டாம் வலயம், மே மாதம் அதனினும் ஒடுங்கிய மூன்றாம் வலயம். 2023 ஒக்ரோபரில் வட காசாவின் மேல், தெற்கே போங்கள் என்று நோட்டீஸ் விழுந்த செய்தியைப் பார்த்தபோது, எழுத்து அரபு என்றாலும் எங்களில் பலருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஒரு கேள்வியை வாசகரிடம் வைக்கிறேன். எங்கள் வீடுகளில் பழைய கல்யாண நோட்டீஸ் இருக்கிறது, அந்தியேட்டிக் கல்வெட்டு இருக்கிறது, 1978 சூறாவளிக்கு முந்திய பஞ்சாங்கம்கூட இருக்கிறது. ஹெலி போட்ட நோட்டீஸ் எத்தனை பேரிடம் இருக்கும்? பங்கருக்குள் கொண்டுபோன தகரப் பெட்டியின் அடியில், உறுதிக் கட்டுக்குள், பைபிளுக்கோ தேவாரப் புத்தகத்துக்கோ நடுவில் மடித்துக் கிடக்கலாம். கிடைத்தால் எறியாதீர்கள். விழுந்த ஊரையும் நாளையும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். எழுதிவிட்டு நூலகம் நிறுவனத்தைப் போல ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்துகிறவர்களிடம் காட்டுங்கள்.