ஈயம் போன ஊருக்கு சைக்கிள் வந்த கதை!

குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் கோபுரமும் மியூசியமும் பார்க்கத்தான் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சைக்கிளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் கட்டி, விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. மலைக்காட்டில் ஓட்டுவதற்காக! ஹோட்டலைத் தேடுவதற்கு முன்பே அவர்கள் தேடுவது தடத்தைத்தான். அப்பாவுக்கும் அலுக்கக் கூடாது, பத்து வயதுப் பையனும் விழக் கூடாது. அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் ஒன்று டெர்பி. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவின் வடகிழக்கு மூலையில், லான்செஸ்டன் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்னஞ்சிறு ஊர். மொத்த மக்கள் தொகையே 200 பேர் அளவுதான். இந்த ஊருக்கு உலகம் முழுவதிலுமிருந்து சைக்கிள்காரர்கள் ஏன் வருகிறார்கள் என்று புரிய, 1870களுக்குப் போக வேண்டும்.

அப்போது இந்தப் பகுதியில் வெள்ளீயம் கிடைத்தது. நம் ஊரில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவார்களே, அதே ஈயம்தான். டெர்பியில் அதைக் கண்டுபிடித்தவர்கள் க்ருஷ்கா சகோதரர்கள். அங்கே வளர்ந்த பெரிய சுரங்கத்தின் பெயர் ப்ரைஸீஸ். 1876-இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற பந்தயக் குதிரையின் பெயர் அது! வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பக்கத்து ஊரான வெல்ட்பரோவில் சீனத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு கோயிலே கட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சுரங்கத்துக்கு உயிர்நாடி தண்ணீர். கால்வாய் வெட்டித் தொலைவிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து, மலையின் மேல் வேகமாகப் பீய்ச்சி அடிப்பார்கள். மண் கரைந்து ஓடும், கனமான ஈயத்தாது அடியில் தங்கும். இதற்காகவே ஊருக்கு மேலே ஒரு அணையும் கட்டினார்கள்.

வாழ வைத்த தண்ணீரே வில்லனாகவும் ஆனது. 1929 ஏப்ரல் 4-ஆம் தேதி, பேய் மழையில் அந்த அணை உடைந்தது. டெர்பியில் 14 பேர் இறந்தார்கள். சுரங்கமும் மூழ்கியது. பின்னால் அதை மறுபடி திறந்தாலும் பழைய வேகம் திரும்பவில்லை. 1940களின் கடைசியில் மூடியே விட்டார்கள். வேலை போனதும் ஆட்களும் போனார்கள். ஒரே சரக்கை நம்பி வாழும் ஊரின் கதி இதுதான்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊர் தேய்ந்துகொண்டே இருந்தது. பிறகு டார்செட், பிரேக் ஓ டே என்ற இரண்டு உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து, அரசு நிதியோடு ஒரு காரியம் செய்தன. அதே மலைகளில் சைக்கிளுக்கென்றே தடங்கள் வெட்டின. 2015-இல் 'ப்ளூ டெர்பி' என்ற பெயரில் அவை திறக்கப்பட்டன. 2017-இல் எண்டியூரோ உலகத் தொடரின் ஒரு போட்டியே அங்கே நடந்தது. தடங்களின் மொத்த நீளம் பின்னர் நூறு கிலோமீட்டரைத் தாண்டியது.

சரி, இதில் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது? பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து வந்த நிறக் குறியீடுதான் இங்கே வழிகாட்டி. பச்சை வட்டம் என்றால் சுலபம், நீலச் சதுரம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கடினம். அந்த ஊர் பாஷை தெரியாவிட்டாலும் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். புதிதாகப் போகிறவர்கள் பச்சையில் ஆரம்பித்து, கை கால் பழகிய பிறகு நீலத்துக்குப் போகலாம். மேட்டில் மிதிக்க முடியாதவர்களைச் சைக்கிளோடு மேலே கொண்டுவிட வேன்களும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நம் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் அங்கே இலையுதிர்காலம். குளிருக்குத் தயாராகப் போக வேண்டும்.

ஓட்டிக்கொண்டே போனால் பழைய ஊர் எதிரே வந்துகொண்டே இருக்கும். சுரங்கக் குழி இன்று ஒரு ஏரி. சுரங்க வேலைக்காகக் குடைந்த குகைப்பாதை ஒன்றின் வழியே சைக்கிள் போகிறது. ஒரு தடத்தின் பெயரே க்ருஷ்காஸ்!

வணிகக் கண்ணோடு பார்த்தால் இது விசித்திரமான வியாபாரம். ஒரே மலையை டெர்பி இரண்டு முறை விற்றிருக்கிறது. முதல் முறை ஈயத்தை அள்ளி விற்றது. அள்ள அள்ளக் கையிருப்பு குறைந்தது. இரண்டாம் முறை மலையில் ஓட்டும் அனுபவத்தை விற்கிறது. ஆயிரம் பேர் ஓட்டிவிட்டுப் போனாலும் மலை அங்கேயேதான் இருக்கிறது, பராமரிப்புச் செலவு மட்டுமே. ஆனால் எல்லாம் லாபக் கணக்கு என்றும் சொல்ல முடியாது. கேட்பாரற்றுக் கிடந்த வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாற, விலையும் ஏறியது. உள்ளூர்க்காரர் வீடு வாங்குவது கடினமானது. தடங்களை ஒட்டிய காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்தன. காடு போனால் இந்தச் சரக்கும் போய்விடும் அல்லவா?

அன்று ஈயம், இன்று சைக்கிள். இரண்டுமே ஒற்றைச் சரக்குதான். முதல் பாடத்துக்கு டெர்பி கொடுத்த விலை மிகப் பெரியது. அதை அது மறக்காமல் இருந்தால், பச்சை வட்டத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பும் அந்தப் பத்து வயதுப் பையன் நாளை தன் பிள்ளையோடும் அங்கே போகலாம்.