எம்.வி.பி. அணுகுமுறை

எம்.வி.பி. (மினிமம் வயபிள் புராடக்ட்) என்பது, புத்தொழில் நிறுவனம் தன் அடிப்படை ஊகத்தை உண்மையான வாடிக்கையாளரிடம் சோதிக்கத் தேவையான அளவு வசதிகளோடு மட்டும் வெளியிடும் முதல் வடிவம். இச்சொல்லை 2001இல் ஃபிராங்க் ராபின்சன் உருவாக்கினார். எரிக் ரீஸின் ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ (2011) பரவலாக்கியது.

வகைகள்: செயல்விளக்கக் காணொளி, பின்னணியில் மனிதரே கையால் செய்துதரும் சேவை, ஒற்றை வசதி கொண்ட மென்பொருள், சிறு தொகுதி உற்பத்தி. 1999இல் இணையக் காலணிக் கடையான ஸாப்போஸின் நிறுவனர் நிக் ஸ்வின்மர்ன் கடைக் காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டு, ஆர்டர் வந்தபின்பே கடையில் வாங்கி அனுப்பினார். சரக்கு இருப்பே வைக்காமல் தேவையை அளந்த இம்முறை இன்றும் சிறந்த முன்மாதிரி.

தமிழகத்தில் குறிப்பிடத்தக்கது ஃபிரெஷ்டெஸ்க். 2010இல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சென்னையில் தொடங்கினர். வாடிக்கையாளர் புகார்களை டிக்கெட்டாகப் பதிந்து பதிலளிக்கும் மென்பொருள் 2011இல் வெளிவந்தது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் அட்வெல் கல்லூரி. பிற தயாரிப்புகள் பின்னரே சேர்ந்தன. 2017இல் ஃபிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய நிறுவனம், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது.

பொருள் உற்பத்தியில் செலவுத் தடை அதிகம். அச்சு செய்யவே பெருந்தொகை முடங்கும். சென்னையை அடுத்த பாரிவாக்கம், பூந்தமல்லி வட்டாரத்தில் தொழில் தொடங்குவோருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை அருகிலிருப்பது பெரும் வசதி. அங்குள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளில் லேத், சி.என்.சி. வேலைகளைக் கொடுத்து, சொந்த இயந்திரம் வாங்காமலே சில மாதிரிகளைச் செய்து விற்றுப் பார்க்கலாம்.

மருத்துவக் கருவி, பிரேக் பாகம் போன்ற உயிர்காப்புப் பொருள்களில் வசதிகளைக் குறைக்கலாம்; பாதுகாப்புச் சோதனையைக் குறைக்க முடியாது.