தம் குரலில் பேசியோர்

1943ஆம் ஆண்டில் பால்டிமோர் மருத்துவர் லியோ கானர் 11 சிறார்களைப் பற்றி எழுதிய கட்டுரையால், ஆட்டிசம் எனும் மதியிறுக்கம் மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றது. சிறார் வளர்வர் அன்றோ? ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் அவர்களுக்காகப் பேசியோர் பெரும்பாலும் மருத்துவரும் பெற்றோருமே.

1992இல் ஜிம் சின்கிளேர், டோனா வில்லியம்ஸ், கேத்தி கிராண்ட் என்னும் மூவர், 'ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தொடங்கினர். மூவரும் மதியிறுக்கம் உடையவரே. மறு ஆண்டு டொராண்டோ மாநாட்டில், தம் பொருட்டுத் துயருற வேண்டாவெனப் பெற்றோரை நோக்கிக் கூறினார் சின்கிளேர். எதிர்பார்த்த பிள்ளை வாராமைக்காக அழலாம். வந்த பிள்ளைக்காக அழுதல் தகாது என்பது அவர் வாதம். பெற்றோரின் வேதனையை அவர் மறுத்தாரல்லர்.

1996இல் இவ்வமைப்பு நியூயார்க் மாநிலத்தில் 'ஆட்ரீட்' என்னும் முகாமைக் கூட்டியது. அம்முகாம்களில் வழங்கிய வண்ண அட்டை முறை சிறியதேயாயினும் நுட்பமானது. சிவப்பு அட்டை அணிந்தவரிடம் எவரும் வலியச் சென்று பேசலாகாது; மஞ்சள் அணிந்தவரை முன்பே அறிந்தோர் மட்டும் அணுகலாம். நாவெழாத வேளையில், தம் நிலையை ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டிய தொல்லை ஒழிந்தது. இதனை வகுத்தோர் வல்லுநரல்லர். அத்தொல்லையை அன்றாடம் பட்டவரே.

2006இல் மாணவப் பருவத்தினரான ஆரி நீமான், ஸ்காட் ராபர்ட்சனுடன் இணைந்து தன்னுரிமைக்கான அமைப்பொன்றை நிறுவினார். மறு ஆண்டு டிசம்பரில், மதியிறுக்கத்தைப் பிள்ளை கடத்தும் கயவனாகச் சித்திரித்த விளம்பரங்கள் நியூயார்க்கில் தோன்றின. இவ்வமைப்பினர் பிற ஊனமுற்றோர் சங்கங்களையும் திரட்டி எதிர்த்தனர். அம்மாதமே அவ்விளம்பரங்கள் கைவிடப்பட்டன.