விசிலில் எத்தனை வகை

நாமக்கல், சங்ககிரி வட்டார லாரிப் பட்டறைகளில் ஒரு தலைமுறைக்கு முன்பு வண்டி விசில் அடித்தால் அது கோளாறுதான். 1948இல் தொடங்கிய, எண்ணூரில் ஆலை கொண்ட அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கிருந்து வந்த பழைய காமெட் லாரிகளில் டர்போ கிடையாது. எஞ்சின் உறுமும், சில சமயம் கடகடக்கும். அதற்கு மேல் ஊதல் சத்தம் எழுந்தால் டிரைவர் நேரே பட்டறைக்கு வருவார்.

மெக்கானிக் முதலில் கையில் எடுப்பது நீளமான ஸ்க்ரூ டிரைவரைத்தான். நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்துவார். இரும்பில் ஏறும் அதிர்வு எலும்பு வழியே உள்காதுக்குப் போகும். பட்டறை இரைச்சல் அவ்வளவாகக் குறுக்கிடாது. டைனமோ பேரிங், வாட்டர் பம்ப், டைமிங் கியர் மூடி என்று நுனியை நகர்த்தினால், சத்தம் எங்கே ஓங்குகிறதோ அங்கேதான் சங்கதி. 1816இல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார் டாக்டர் ரெனே லென்னெக். அதிலிருந்து பிறந்த ஸ்டெதாஸ்கோப்பும் பிறகு பட்டறைக்கு வந்தது, முனையில் ஒரு இரும்புக் கம்பியோடு.

சந்தேகம் தீரவில்லையா? ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டுவார்கள். சத்தம் நின்றுவிட்டால் பெல்ட்டும் அது சுழற்றும் பாகங்களும்தான் குற்றவாளிகள்.

காற்று போடும் விசிலுக்கு ஸ்க்ரூ டிரைவர் உதவாது. அம்பாசடர், பத்மினி போன்ற பெட்ரோல் கார்களில் கார்புரேட்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட் விரிசல் விட்டால், எஞ்சின் அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்கும். ஸ்லோவில் விசில் கேட்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குறையும். ‘ஏர் பிடிக்குது’ என்பார்கள். ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாகக் கொண்டுபோனால் இடம் பிடிபடும். அங்கே சோப்புத் தண்ணீர் விட்டதும் எஞ்சின் அதை உள்ளே உறிஞ்சும். விசிலின் தொனி மாறும்.

இந்தக் கணக்கைக் கலைத்தது டர்போ. வெளியே வீணாகும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்றார் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி. 1918இல் அமெரிக்காவின் சான்ஃபர்ட் மாஸ், 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கு ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொண்டுபோனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், மெல்லிய காற்றில் 230க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. கப்பல், விமானம் என்று தொடங்கிய அந்தச் சக்கரம் மெல்ல லாரிக்கும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் 2000க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, டர்போ இல்லாத புது லாரி அரிதாகிக்கொண்டே போனது.

நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளையும் தாண்டக்கூடிய சக்கரம் விசில் அடிக்காமல் இருக்குமா? நல்ல எஞ்சினே ஊதத் தொடங்கியது. இது எந்த விசில் என்று பிரித்தறிவது மெக்கானிக்கின் புது வேலையானது.

ரேஸ் செய்யும்போது மெல்ல ஏறி, விட்டதும் இறங்கும் சன்னமான ஊதல் இயல்பானது. அது திடீரென்று சைரன் போல ஓங்கி, மேட்டில் வண்டி இழுக்காமல், கறும்புகையும் கக்கினால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம். ஸ்லோவில் அழுத்தம் குறைவாக இருப்பதால் கிழிசல் காட்டிக்கொடுக்காது. அதனால் எஞ்சினை நிறுத்தி, குழாயை அடைத்து, கம்ப்ரஸர் காற்றை அளவாக ஏற்றி, சோப்புத் தண்ணீர் பூசுவார்கள். இங்கே காற்று வெளியே வருவதால் நுரை பொங்கும். இரண்டு, டர்போ தண்டே தேய்ந்திருக்கலாம். எஞ்சின் ஆறிய பிறகு ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றி, விரலால் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். இறகு சுவரில் உரசக் கூடாது. ஆயில் படலத்தின் மேல் சுழலும் தண்டு அது. நெடுந்தூரம் இழுத்து வந்த வண்டியை உடனே ஆஃப் செய்தால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கிய ஆயில் சூட்டில் கருகும். ஆகவேதான் சற்று நேரம் ஸ்லோவில் ஓடவிட்டு நிறுத்தச் சொல்கிறார்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. இப்போது ஸ்கேனர் இல்லாமல் வேலை நகர்வது கடினம். டர்போ தரும் காற்றழுத்தம் குறைந்தால் ஸ்கேனர் ‘பி 0299’ என்று காட்டும். எந்த ஹோஸ், எந்தக் கிளிப், எந்தக் கேஸ்கெட் என்று அந்த எண் சொல்வதில்லை. குறிப்பை வாங்கிக்கொண்டு மெக்கானிக் பானெட்டைத் திறக்கிறார், ஹோஸ்களைத் தடவுகிறார், எஞ்சினை ரேஸ் செய்யச் சொல்லிவிட்டுக் காது கொடுக்கிறார்.