வேனிற்காலத்து வேங்கட யாத்திரை

கோடை விடுமுறை அணுகியதும் நம் சங்கத்து அன்பர்களின் இல்லந்தோறும் திருவேங்கட யாத்திரையைக் குறித்த பேச்சு எழுகின்றது. எந்நாளிற் செல்வது, எங்குத் தங்குவது, எத்துணை நேரம் காத்திருக்க நேரும் என்பனவே அப்பேச்சின் பொருள். மலை அன்றும் இன்றும் ஒன்றே. ஆயினும் நம் முன்னோர் அங்குச் செல்லக் கருதியபோது எண்ணிப் பார்த்தவை வேறாயிருந்தன. அவற்றை அறிதல், முதியோரையும் குழவிகளையும் உடன்கொண்டு புறப்படுவார்க்குப் பயன்படுமாதலின் ஈண்டுச் சில எழுதப் புகுந்தேன்.

வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறுகின்றது. ஆழ்வார் பன்னிருவருட் பதின்மர் அம்மலையைப் பாடினர். 1953இல் ஆந்திர இராச்சியம் தனியே அமைந்தபொழுது திருப்பதி அதனைச் சேர்ந்தது. நம்மவர் யாத்திரையோ அதனால் ஒரு நாளும் குறைந்ததில்லை.

பண்டு நம் நாட்டார் பெருந்திரளாகச் சென்றது பிரமோற்சவம் நிகழும் புரட்டாசித் திங்களிலேயாம். கோடைக் கூட்டம் என்பது பிற்காலத்து விளைவு என்பது என் துணிபு. இருப்புப்பாதை மலையடிவாரம் வரையில் வந்தமை ஒரு காரணம். பள்ளிக்கூடங்கள் சித்திரை வைகாசிகளில் விடுமுறை விடுதல் மற்றொரு காரணம். இவ்விரண்டினும் பெரியது 1944இல் திறக்கப்பெற்ற மலைப்பாதை. அதற்கு முன் மேலே செல்வார் அலிபிரி வழியாகவேனும், சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரிமெட்டு வழியாகவேனும் படியேறியே செல்லல் வேண்டும். முன்னதிற் படிகள் ஏறக்குறைய 3,550, பின்னதில் 2,388. அலிபிரி வழியில் 'மோகாளி மெட்டு' என்றொரு செங்குத்தான ஏற்றம் உண்டு. தெலுங்கில் மோகாலு என்பது முழங்கால். மலை முழுதும் திருமாலின் திருமேனி எனக் கருதிய இராமாநுசர், பாதம் படலாகாதென்று ஆண்டு முழங்காலால் ஏறினார் என்பர். நடக்கலாற்றாத முதியோரை டோலியிற் சுமந்து சென்றனர். ஆகவே, கூட்டத்திற்கு அளவு வகுத்தது அந்நாளில் அம்மலையே. 1944இற் பாதை வந்தது, 1974இல் இரண்டாம் பாதையும் அமைந்தது, அவ்வளவு நீங்கிற்று.

கோடையிற் புறப்பட்ட பழைய யாத்திரிகர் ஒருவரின் வரலாறு நமக்கு நன்கு கிடைத்துள்ளது. சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக விளங்கிய ஏனுகுல வீராசாமி என்பார் 1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் காசிக்குப் புறப்பட்டார். குடும்பத்தாரும் ஏவலரும் பல்லக்குச் சுமப்போருமாக நூற்றுவர் அளவினர் உடன் சென்றனர். புறப்பட்ட சில நாட்களிற் திருப்பதியை அடைந்து வழிபட்டார். பின்னர்க் கடப்பை, ஐதராபாத்து, நாகபுரி வழியாகக் காசி சென்று, 1831 செப்டம்பரிலே சென்னை மீண்டார். வழியிலிருந்து தம் நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளைக்கு அவர் எழுதியனவே 1838இற் 'காசியாத்திரை சரித்திரம்' என்னும் தெலுங்கு நூலாக வெளிவந்தன. அதனைப் பயில்வார்க்கு ஓர் உண்மை விளங்கும். அவர் சிறப்புகளை மட்டும் எழுதிச் சென்றாரல்லர். ஊர்தோறும் தண்ணீர் உண்டா, பண்டங்கள் விலைக்குக் கிடைக்குமா, இறங்குதற்கு இடம் எத்தகையது, அடுத்த ஊர் எத்துணைத் தொலைவு என்பனவற்றையே விடாது குறித்தார். தமக்குப் பின் வருவார்க்கு உதவ வேண்டும் என்னும் எண்ணமின்றி இங்ஙனம் எழுதுதல் இயலாது.

உணவைப் பற்றிய ஏற்பாடும் அத்தகையதே. திருமலைக் கல்வெட்டுக்களிற் பெரும்பகுதி தமிழில் உள்ளன. அவற்றுள் 'விட்டவன் விழுக்காடு' என்றொரு தொடர் அடிக்கடி வரும். இறைவனுக்கு அமுதுபடி அமைத்த அறத்தாளனுக்கு, நிவேதனமாகிய பிரசாதத்தில் நாலில் ஒன்று உரியது. அதுவே விட்டவன் விழுக்காடு. இந்நாளில் நூற்றுக்கணக்கிற்கு வழங்கும் 'விழுக்காடு' என்னும் சொல் அங்கே பங்கு என்னும் பொருளில் நிற்றல் காண்க. பதினைந்தாம் நூற்றாண்டிற் சாளுவ நரசிம்மன் இப்பங்கினைத் தான் கொள்ளாது, யாத்திரிகர் உண்ணும் இராமாநுசகூடத்திற்கு ஆக்கினான். அதனைக் கந்தாடை இராமாநுசையங்கார் நடத்தினார். கிருட்டிணதேவராயர் 1513 முதல் 1521 வரை எழுமுறை வந்து பொன்னும் மணியும் சார்த்தியதைப் பலரும் புகழ்வர். எனக்கோ தன் சோற்றுப் பங்கை வழிப்போக்கர்க்கு விட்டவனே பெரியனாகத் தோன்றுகின்றான்.

ஆட்சி 1801 முதற் கும்பினியார் கையிலும், 1843 முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடத்தும், 1933 முதற் தேவஸ்தானக் குழுவிடத்தும் இருந்து வந்தது. 1985இல் நித்திய அன்னதானம் தொடங்கிற்று. ஆதலின் வழியும் உணவும் இக்காலத்தார்க்குக் கவலை அல்ல, நெரிசலே கவலை. 2025 ஜனவரி 8ஆம் நாள், வைகுந்தவாயில் தரிசனத்திற்குரிய டோக்கன் பெறத் திரண்ட கூட்டத்தில் அறுவர் நசுங்குண்டு மாண்டனர். அது நிகழ்ந்தது மலைமேலன்று, கீழே திருப்பதி நகரில், சீட்டுக் கொடுக்குமிடத்தில் என்பதை அன்பர்கள் கருதல் வேண்டும். ஆகவே சீட்டையும் தங்குமிடத்தையும் முன்பதிவு செய்துகொள்ளாது, அங்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம் என முதியோரை அழைத்துச் செல்வது தகாது. முதியோர்க்கும் கைக்குழந்தை உடையார்க்கும் தனிவழி உண்டு. அதன் விதிகள் மாறுவன ஆதலின் தேவஸ்தானத்தாரிடம் அவ்வப்போது கேட்டறிக.

பள்ளி ஆசிரியனாகிய யான் கோடையிற் செல்லற்க என்று கூறின், வேறு எப்பொழுது செல்வது என்று பெற்றோர் என்னையே கேட்பர், அக்கேள்வி நியாயமானதே. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் இல்லாத இல்லத்தார் நம்முட் பலர் உளர். அவர்கள் ஆடித் திங்களிற் சென்று, கோடையை மற்றையோர்க்கு விட்டுக்கொடுக்கலாம். சங்கத்தார் ஒருங்கு செல்வதாயின் அடுத்த கூட்டத்திலேயே இப்பிரிவினை செய்துகொள்வது நலம்.

படியேறக் கருதுவார் கதிர் எழுமுன் அலிபிரியிற் தொடங்குக; பகலிற் கல் சுடும். 2023 ஆகஸ்டில் அவ்வழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கவ்விச் சென்று கொன்றது. பிள்ளைகளை முன்னே ஓட விடாது கைப்பிடித்தே செல்க.