மறைந்தவருக்காக ஒரு கிணறு

கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டி ஆண்ட முதலாம் இராசேந்திரன் 1044இல் மறைந்தபோது, தேவியருள் ஒருவரான வீரமாதேவி அவருடைய சிதைத் தீயிலேயே புகுந்தார். இதைச் சொல்லும் கல்வெட்டு திருவண்ணாமலை மாவட்டப் பிரமதேசத்துக் கோயிலில் உள்ளது. தேவியின் உடன்பிறந்தானாகிய படைத்தலைவன் மதுராந்தகன் பரகேசரி வேளான், மறைந்தோரின் தாகம் தணியத் தண்ணீர்ப் பந்தலுக்கு நிவந்தம் அளித்த செய்தி அதில் இருக்கிறது.

அதைப் படிக்கும்போதெல்லாம் நபித்தோழர் சஅது இப்னு உபாதா என் நினைவுக்கு வருகிறார். அவர் வெளியூர் சென்றிருந்தபோது தாயார் மவுத்தாகிவிட்டார். தாயின் பெயரால் தருமம் செய்தால் அவரைச் சேருமா என்று கேட்டார். சேரும் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). எது சிறந்த தருமம் என்றதற்குத் தண்ணீர் என்றார்கள். சஅது கிணறு வெட்டித் தாய்க்கென்று விட்டார். வேளான் எண்ணியது மறைந்தவரின் தாகத்தை; சஅது எண்ணியதோ குடிப்பவர்களால் விளையும் நன்மை தாயைச் சேரவேண்டும் என்பதை. நம்பிக்கை வேறு, தவிப்பு ஒன்றுதான்.

இறந்தவருக்காகத் தருமம் செய்வதுபோலவே பாவமன்னிப்பும் கேட்கிறோம். ஆனால் அது இஸ்லாத்தில் வாய்ச்சொல்லோடு முடிவதில்லை. வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிகாடு போன்ற நம் பக்கத்து ஊர்களிலும் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகைக்கு முன் மய்யித்தின் (இறந்தவரின்) மகனோ தம்பியோ எழுந்து, "எங்க அத்தா யாருக்காவது கடன் தரவேண்டியிருந்தால் எங்ககிட்டே கேளுங்க. மனசு நோகப் பேசியிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்று சொல்வது வழக்கம். இது வெறும் சடங்கன்று. கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழுவிக்க நபிகளார் முன்வரவில்லை; உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்றார்கள். நபித்தோழர் அபூ கதாதா அந்தக் கடனைத் தாம் ஏற்றபிறகே தொழுவித்தார்கள். பின்னாளில் வெற்றிகளால் செல்வம் சேர்ந்தபோது, கடன்பட்டு இறப்போரின் பொறுப்பைத் தாமே ஏற்பதாக அறிவித்தார்கள். மனிதனுக்குச் சேரவேண்டியதை மனிதனிடம் தீர்க்காமல் இறைவனிடம் மட்டும் கையேந்துவது போதாது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியுமா?

ஜனாஸா தொழுகையில் ருகூவு (குனிதல்) இல்லை, சுஜூது (சிரம்பணிதல்) இல்லை. நின்றபடியே, "அல்லாஹு அக்பர்" என்னும் தக்பீர் நான்கு. மூன்றாவதன்பின் மய்யித்துக்கான துஆ (இறைவேண்டல்). இருப்போர், இறந்தோர், வந்திருப்போர், வராதோர், சிறியோர், பெரியோர், ஆண், பெண் என எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்கும் துஆவும் அங்கே ஓதப்படுகிறது. முன்பின் அறியாதவரும் வரிசையில் வந்து நிற்கலாம்.

மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் இறந்தவருக்காகக் குர்ஆன் ஓதும் கத்தம் ஓதலாமா கூடாதா என்று தமிழ் முஸ்லிம்களுக்குள் நெடுநாளாக வாதம் நடக்கிறது. ஜனாஸா தொழுகையின் துஆவில் மட்டும் வாதம் இல்லை. மண் தள்ளி முடித்ததும் கலைந்துவிடாமல், சகோதரருக்காக மன்னிப்பும் உறுதியும் கேளுங்கள், இப்போது அவர் விசாரிக்கப்படுகிறார் என்று நபிகளார் சொன்னதையும் இரு தரப்பாரும் ஏற்கிறார்கள். கபறடியில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க நமக்கென்ன அவசரம்?